தேசியக் கொடிச் சக்கரத்தில் 24 ஆரம் (ஆரக்கால்) எதற்கு? பச்சை யாருடையது?

தையல்யூனிட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கம் ஆறு மெஷின் போட்டு சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். வருஷம் பூராவும் பனியன் பீஸ் வேலை. ஜூலை கடைசியில் இருந்து மூன்று வாரம் மட்டும் தேசியக் கொடி. கொடி என்றால் கைத்தறி, கதர்தான் என்று இருந்ததை 2021 டிசம்பரில் மாற்றினார்கள் இல்லையா, பாலியஸ்டரும் ஆகலாம், மெஷினில் செய்ததும் ஆகலாம் என்று? அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு இந்த வேலை வந்தது.

போன ஆகஸ்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்றுக்கு இரண்டு அடி அளவில் 300 கொடி கொடுத்தோம். சக்கரம் வெளியே ஓர் இடத்தில் பிரிண்ட் போட்டு வாங்கியது. இரண்டாம் நாளே 110 கொடி திரும்பி வந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆரக்கால்களை எண்ணிப் பார்த்து, 22 தான் இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறான். நானும் உட்கார்ந்து எண்ணினேன். அவன் சொன்னது சரி. சக்கரமும் வட்டமாக இல்லை, முட்டை மாதிரி ஒரு பக்கம் இழுத்திருந்தது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆயிரக்கணக்கில் கொடி தைத்திருக்கிறேன், ஒருநாள்கூட நான் எண்ணிப் பார்த்ததில்லையே என்பதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

அதனால் இந்த வருஷம் சக்கரத்தை நாங்களே வரைந்து, நாங்களே ஸ்கிரீன் பிரிண்டிங் ஃபிரேம் எடுத்து அடிக்கப் போகிறோம். அதற்கு முன்னால் சில விஷயம் தெரிய வேண்டும்.

24 ஆரம் எதற்கு? வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அன்பு, தைரியம், பொறுமை என்று ஒவ்வொரு ஆரத்துக்கும் ஒரு குணம் போட்டிருக்கிறார்கள். அது சட்டத்தில் இருப்பதா?

என்னிடம் கட்டிங் பார்க்கிற முஸ்லிம் பெண் ஒருத்தி, பச்சைத் துணியை எடுக்கும்போது, "அக்கா, பச்சை எங்களோடதுன்னு அத்தா சொல்வாங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். பக்கத்து மெஷினில் இருந்தவர், "அதெல்லாம் கிடையாது, பச்சைன்னா விவசாயம்" என்று வெட்டிப் பேசிவிட்டார். அவள் முகம் வாடிப் போனது. யார் சொன்னது சரி?

இன்னொன்று. ஒருவர் துணிப்பையில் நான்கு சிங்கம் சின்னத்தைப் போட்டுத் தரச் சொல்லி 500 பைக்கு ஆர்டர் கொடுக்கிறார். போடலாமா?

திரும்பி வந்த அந்த 110 கொடியும் பரண்மேல் கட்டிவைத்தபடி இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.

காலணா எழுதியது:

அக்கா, பை ஆர்டரை இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அனுமதி இல்லாமல் வியாபாரத்துக்குப் போட்டால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடச் சேர்ந்து வரலாம். அழகாக இருக்கிறது என்று கேட்கிறவருக்கு இது தெரிந்திருக்காது. எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

பழுதான கொடியை என்ன செய்வது என்று கொடி விதியிலேயே இருக்கிறது. குப்பையில் போடக்கூடாது, துண்டாக்கித் துடைக்கப் பயன்படுத்தக்கூடாது. நாலு பேர் பார்க்காத இடத்தில், முழுசாக, மரியாதையோடு அழிக்க வேண்டும். எரிப்பது நல்லது என்றும் போட்டிருக்கிறது. உங்களுடையது கிழிந்த கொடி இல்லை, பிரிண்ட் தப்பான கொடி. இருந்தாலும் இதே வழிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் நாணயம், பழைய நோட்டு சேர்க்கிறவன். சிங்கத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நாடு குடியரசான 1950 ஜனவரி 26-இல்தான் அது அரசுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 1949-இல் வந்த ஒரு ரூபாய் நோட்டிலேயே இங்கிலாந்து அரசரின் தலை போய், அந்த இடத்தில் அசோகர் தூண் வந்துவிட்டது. என்னிடம் அரசர் படம் போட்ட ஒரு ரூபாய் நோட்டும் இருக்கிறது, இந்த நோட்டும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். ஒரு மனிதர் முகம் இருந்த இடத்தில் யார் முகமும் இல்லை. 2,200 வருஷத்துக்கு முந்தைய ஒரு கல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆரத்தைப் பற்றி இங்கே ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர் வந்து சொல்லட்டும்.

நாலாம்சிங்கம் எழுதியது:

அம்மா, 31 வருஷம் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஏழாம் வகுப்புப் பையனை நினைத்தால் மனசு நிறைகிறது. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்திருந்தால் அன்றைக்கு அவனைத்தான் கொடியேற்றச் சொல்லியிருப்பேன்.

முதலில் 24. அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தை நேரு கொண்டுவந்தார். தீர்மானம் ரொம்பச் சின்னது. ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை மூன்றும் சம அளவு. வெள்ளைப் பட்டையின் நடுவில் ராட்டையைக் குறிக்கிற மாதிரி கடற்படை நீலத்தில் ஒரு சக்கரம். அந்தச் சக்கரத்தின் வடிவம் சாரநாத்தில் உள்ள அசோகர் தூணின் சிங்கத் தலைப்பில், பீடத்தில் இருக்கிற சக்கரம். விட்டம் ஏறக்குறைய வெள்ளைப் பட்டை அளவு. அகலத்துக்கு நீளம் இரண்டுக்கு மூன்று. ஆரத்துக்கு ஒரு குணம் என்று அதில் எங்கேயும் இல்லை. கல்லில் சிற்பி 24 செதுக்கியிருக்கிறான், அதனால் நமக்கும் 24.

உங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் முழுசாகப் புரிகிற விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. முன்னே காங்கிரஸ் கொடியில் இருந்தது முழு ராட்டை. ஒரு பக்கம் சக்கரம், இன்னொரு பக்கம் நூல் சுற்றுகிற கதிர். அதைக் கொடியில் போட்டால் என்ன ஆகும்? முன்பக்கம் பார்த்தால் கதிர் ஒரு திசையில் இருக்கும், பின்பக்கம் பார்த்தால் மாறிவிடும். கொடி என்பது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டியது. நேரு அன்றைக்கு சபையில் இதையே காரணமாகச் சொன்னார். ராட்டையில் கதிரையும் நூலையும் எடுத்துவிட்டு, முக்கியமான பாகமான சக்கரத்தை வைத்துக்கொண்டோம் என்றார். பெரிய தத்துவமெல்லாம் பேசுகிற ஒரு சபையில், ஒரு பிரிண்டிங் பட்டறைக்காரர் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள்! கதிர் போனதில் காந்திக்கு வருத்தம் இருந்தது. இருந்தாலும் தீர்மானத்தில் 'ராட்டையைக் குறிக்க' என்ற சொல் இருக்கிறது பாருங்கள். நீங்கள் அடிக்கப் போகிற சக்கரம் அசோகருடையதும்தான், நூல் நூற்றவர்களுடையதும்தான்.

நிறங்களுக்கு அந்தச் சபையில் அர்த்தம் சொன்னவர், பின்னால் ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன். காவி துறவு. பொதுவேலைக்கு வருகிறவன் தனக்கென்று சேர்க்கக் கூடாது. வெள்ளை வெளிச்சம், உண்மையின் வழி. பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்கு இருக்கிற உறவு. சக்கரம் தர்மம், அதோடு அசைவு. தேங்கினால் சாவு, நகர்ந்தால் வாழ்வு என்று சொன்னார். உங்கள் பக்கத்து மெஷின்காரர் சொன்ன விவசாயம் இங்கிருந்து வந்ததுதான்.

இனி பச்சை. அந்தப் பெண்ணின் அத்தா சொன்னது பொய்யில்லை. 1921-இல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொண்டுபோன கொடி சிவப்பும் பச்சையும். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. மற்ற எல்லாச் சமயத்தாருக்கும் சேர்த்து வெள்ளையும் நடுவில் ராட்டையும் வேண்டும் என்றார் காந்தி. பத்து வருஷம் அந்த அர்த்தத்தோடு அந்தக் கொடியைப் பிடித்து ஜனங்கள் அடி வாங்கியிருக்கிறார்கள், ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். அப்புறம் எங்கள் நிறம் எங்கே என்று மற்றவர்களும் கேட்டார்கள், சீக்கியர்கள் முக்கியமாக. 1931-இல் காங்கிரஸ் உட்கார்ந்து யோசித்து, சிவப்பைக் காவியாக்கி, நிறங்களுக்குச் சமய அர்த்தம் கிடையாது, காவி வீரமும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் வீறும் என்று தீர்மானம் போட்டது. 1947-லும் நேரு அதையே அழுத்திச் சொன்னார்.

ஆக இன்றைய சட்டப்படி பச்சை யாருக்கும் தனி இல்லை. ஆனால் 'அதெல்லாம் கிடையாது' என்று வெட்டிச் சொன்னதும் சரியில்லை. அந்த வீட்டில் 1921-இன் நினைவு தப்பாமல் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் இரண்டு கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது என் உயிர். ஓய்வு பெற்ற வருஷம் சாரநாத் போனேன். மியூசியத்துக்குள் நுழைந்ததும் நேர் எதிரே நிற்கிறது. ஏழு அடி உயரம். சுனார் என்ற ஊர் மணற்கல். மெருகு கண்ணாடி மாதிரி. 1905-இல் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் நம்பவே முடியாது. ஜனங்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் சுற்றிச் சுற்றி வந்தேன், ரூபாயில் தெரியாத நாலாவது சிங்கத்தைப் பார்க்க. பார்த்தேன். மற்ற மூன்றும் போலவே அதே கவனத்தோடு செதுக்கியிருக்கிறான். பிடரி முடி சுருள் சுருளாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

சிங்கத்தின் காலடியில் வட்டப் பீடம். அதில் யானை, குதிரை, காளை, சிங்கம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சக்கரம். நம் சின்னத்தில் முன்பக்கம் மட்டும் தெரிகிறது. நடுவில் சக்கரம், பார்ப்பவருக்கு வலப்பக்கம் காளை, இடப்பக்கம் குதிரை. காளை நடக்கும், குதிரை பாயும். இப்போதே ஒரு நாணயத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தேயாத நாணயமாக இருந்தால் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. அந்தச் சிங்கங்களின் தலைக்கு மேல் பெரிய சக்கரம் ஒன்று இருந்தது. உடைந்த துண்டுகள்தான் கிடைத்தன. புத்தர் முதன்முதலில் அறம் சொன்ன இடம் சாரநாத். அவர் பேச்சைச் சிங்கநாதம் என்பார்கள். நாலு திசைக்கும் வாய் திறந்து நிற்கிற சிங்கங்கள் அந்தக் குரல். அவை தலையில் தாங்கியது அறச்சக்கரம். இன்றைக்குச் சிங்கம் என்றால் பலம், அதிகாரம் என்று பேசுகிறார்கள். கல்லை வைத்தவன் நினைத்தது வேறு. பலம் கீழே, அறம் மேலே. பீடத்துக்கு அடியில் கவிழ்ந்த தாமரை இருக்கிறது, அதையும் சின்னத்தில் விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் 'சத்யமேவ ஜயதே' இருக்கிறது. முண்டக உபநிடத வாக்கியம். அதைத்தான் நம் மாநிலச் சின்னத்தில் கோபுரத்தின் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் படிக்கிறோம்.

நம் அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதிக்கு ஓவியர் நந்தலால் போஸ் தலைமையில் சாந்திநிகேதன் மாணவர்கள் ஓவியம் வரைந்தார்கள். சிங்கங்களை வரைந்த தீனாநாத் பார்கவா அப்போது இளைஞர். சிங்கம் எப்படி நிற்கிறது, எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள கல்கத்தா மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்வேன்.

வடமராட்சி எழுதியது:

ஆசிரியர் ஐயா, பச்சையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கட நாட்டுக் கொடியில் அது வேறு விதமாக முடிந்தது. இந்தியாவில் சமயத்திலிருந்து நிறத்தைப் பிரித்தார்கள். இலங்கையில் நிறத்தை இனத்துக்கென்று எழுதியே வைத்திருக்கிறார்கள். செம்மஞ்சள் பட்டை தமிழருக்கு, பச்சைப் பட்டை முஸ்லிம்களுக்கு.

வாளேந்திய சிங்கம் கண்டி அரசின் கொடியிலிருந்து வந்தது. 1815-இல் கண்டி விழுந்தபோது ஆங்கிலேயர் அந்தக் கொடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழி வந்தவன், வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832-இல் அங்கேயே இறந்தவன். சுதந்திரம் கிடைத்த பிறகு குழு வைத்துப் பேசி, 1951-இல் இரண்டு பட்டைகளைச் சேர்த்தார்கள். சேர்த்த இடத்தைப் பாருங்கள். சிங்கம் தனிப் பெட்டிக்குள், பட்டைகள் பெட்டிக்கு வெளியே, நடுவில் மஞ்சள் கோடு. குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இதை ஏற்கவில்லை. 1972-இல் சிங்கத்தின் நாலு மூலைக்கும் அரசிலை வந்தது, பட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

சின்ன வயதில் பள்ளியில் அந்தக் கொடியை வண்ணம் தீட்டச் சொன்னார்கள். செம்மஞ்சள் பென்சிலை எடுத்து எங்களுக்குரிய பட்டையைத் தீட்டும்போது, நாங்கள் ஏன் பெட்டிக்கு வெளியே நிற்கிறோம் என்று கேட்டேன். ஆசிரியை பதில் சொல்லவில்லை. தலையைத் தடவிவிட்டுப் போனார். அக்கா, அந்தப் பிள்ளை "எங்களோடது" என்று சந்தோஷமாகச் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவளுக்கு ஒரு பட்டை மட்டும் இல்லை, மூன்றும் அவளுடையது என்று சொல்லுங்கோ.

தையல்யூனிட் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வடமராட்சி, உங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினில் உட்கார முடியவில்லை.

சார், ராட்டையைப் பற்றிச் சொன்னீர்களே, அதை எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இதற்கு முன் சக்கரம் அடிக்கும்போது பின்பக்கம் மங்கலாகத் தெரிந்தால் "பரவாயில்லை, முன்பக்கம்தானே" என்று விட்டிருக்கிறோம். இனி விடமாட்டோம். பாலியஸ்டர் மெலிசாக இருப்பதால் மை மறுபக்கம் கசிகிறது, ஆனால் வெளிறிப் போகிறது. திருப்பிப் போட்டு இன்னொரு முறை அடித்தால் ஒரு நூல் தள்ளிப் போனாலும் ஆரம் இரட்டையாகத் தெரியும். சக்கரத்தைச் சரியாக வரைய ஒரு வழி சொல்லுங்கள். கம்ப்யூட்டர் படத்தைப் பெரிசாக்கினால்தான் முட்டை ஆகிறது என்று நினைக்கிறேன்.

நாலாம்சிங்கம் எழுதியது:

கம்ப்யூட்டரில் நீளத்தை மட்டும் பிடித்து இழுத்திருப்பார்கள் அம்மா, அதனால்தான் முட்டை. கையால் வரையுங்கள், ஒரே முறைதானே.

உங்கள் மூன்றுக்கு இரண்டு அடிக் கொடி, விதிக் கணக்கில் 900-க்கு 600 மில்லிமீட்டர். அதில் ஒவ்வொரு பட்டையும் 200 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 185. மேலேயும் கீழேயும் ஏழரை ஏழரை மில்லிமீட்டர் வெள்ளை விட வேண்டும். காம்பஸில் 92.5 எடுத்து வட்டம் போடுங்கள். அதே அகலத்தைக் கலைக்காமல், வட்டத்தின் உச்சியில் முள்ளை வைத்து, ஓரத்தில் குறித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். சரியாக ஆறாவது குறியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கும். ஆறு. ஒவ்வொரு இடைவெளியையும் பாதியாக்கினால் பன்னிரண்டு. இன்னொரு முறை பாதியாக்கினால் இருபத்து நாலு. எண்ணவே வேண்டாம், தப்பே வராது. ஓர் ஆரம் நேர் மேலே பார்க்க வேண்டும், அதுதான் உச்சியில் ஆரம்பிக்கச் சொன்னதற்குக் காரணம்.

ஆரம் வெறும் கோடு இல்லை, நடுவில் கொஞ்சம் தடித்து நுனியில் கூராகும். இரண்டு ஆரத்துக்கு நடுவே வளையத்தின் உள்பக்கம் ஒரு சின்ன அரைவட்ட மொட்டு வரும். அதுவும் 24. நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், உங்கள் பழைய பிரிண்டிலும் இருந்திருக்காது.

நேரம் கிடைத்தால் சென்னை கோட்டை மியூசியத்துக்குப் போய் வாருங்கள். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய கொடி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பட்டு. 12 அடிக்கு 8 அடி. நிறம் மங்கிவிட்டது. தையல்காரர் கண்ணோடு அதன் ஓரத்தைப் பாருங்கள்.

தையல்யூனிட் எழுதியது:

சார், நேற்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் பிளைவுட் பலகையைக் கட்டிங் டேபிள்மேல் போட்டு, நீங்கள் சொன்னபடியே வரைந்தோம். என்னிடம் அவ்வளவு பெரிய காம்பஸ் இல்லை. அந்தப் பெண் ஆணியில் நூல் கட்டி நடுவில் பிடித்துக்கொண்டாள், நான் பென்சிலைச் சுற்றினேன். முதல் தடவை நூல் இழுத்து ஆறாவது குறி நாலு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தது. நூலுக்குப் பதில் மெல்லிய கம்பி வைத்தோம். அப்போது உச்சியிலேயே வந்து நின்றது. அவள் கைதட்டினாள்.

வேலை நடக்கும்போதே 1921, 1931, 1947 எல்லாம் சொன்னேன். "அப்போ அத்தா சொன்னதும் சரி, இவங்க சொன்னதும் சரி" என்றாள். பக்கத்து மெஷின்காரரும் அங்கேதான் இருந்தார். மொட்டு 24-ஐயும் அவர்தான் பொறுமையாக வரைந்தார்.

சாயங்காலம் யூனிட் பின்புறம் டிரம்மில் அந்த 110 கொடியையும் மடித்து மடித்து வைத்து எரித்தோம். யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபிரேம் வந்துவிடும். முதல் சாம்பிள் அடித்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுகிறேன், சார், பார்த்துச் சொல்லுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 110 கொடியும் காசு வாங்காமல் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். கொடுக்கும்போது அந்தப் பையனை ஒருமுறை எண்ணச் சொல்ல வேண்டும்.